ஆறு இலக்கம்

சனிக்கிழமை காலை சமையல் முடியுமுன் கரண்ட் போய்விட்டது. முதல்நாள் சார்ஜில் போட மறந்த என் போன், நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்த நேரத்தில் அணைந்து போயிருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை. ஃபேன் மறுபடி சுற்றத் தொடங்கியதும் அதைச் சார்ஜரில் செருகி, சற்றுப் பொறுத்துப் பொத்தானை அழுத்தினேன். திரை வெளிச்சமானது. வழக்கம்போலப் பெருவிரலை வைத்தேன். போன் அணைந்து எழும்பியிருப்பதால் விரல் செல்லாது, ரகசிய பின் நம்பரைப் போட வேண்டும் என்று எழுத்து வந்தது.

போட்டேன். பிழை என்றது.

கை ஈரம், தவறி அடித்துவிட்டேன் என்று நினைத்து விரல்களைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு ஒவ்வோர் எண்ணாகப் பார்த்துப் போட்டேன். மறுபடியும் பிழை. மூன்றாம் முறைக்கு விரலைத் தூக்கியபோதுதான் எனக்கு விளங்கியது. நான் அடித்துக்கொண்டிருந்தது பழைய நம்பர். போன கிழமை நானே அதை மாற்றியிருந்தேன், ஒரு வாரம்தான் ஆகிறது. மாற்றிய பிறகு விரலை வைத்தே திறந்து பழகியதில், புது நம்பரை ஒருமுறைகூட அடித்துப் பார்க்கவில்லை.

புது நம்பர் என்ன? அடுப்படியில் நின்றபடியே யோசித்தேன். ஆறு இலக்கம் என்பது ஞாபகம் இருந்தது. யாராலும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும் என்று நினைத்ததும் ஞாபகம் இருந்தது. நம்பர் மட்டும் வரவில்லை.

நான் அதை மாற்றியதற்குக் காரணம் ஒரு வதந்தி. எங்கள் பாடசாலையின் ஆசிரியர் அறையில் ஒரு கதை அடிபட்டது. எங்கேயோ ஒரு பெண் திருத்தக் கொடுத்த போனிலிருந்து அவளுடைய வீட்டுப் படங்கள் வெளியே போய்விட்டனவாம். எந்த ஊர், எந்தக் கடை என்று கேட்டபோது ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு பொருந்தவில்லை. உண்மையோ பொய்யோ, நாம் கவனமாக இருக்க வேண்டும் என்று முடித்துக்கொண்டு எல்லோரும் வகுப்புக்குப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் அன்று பாடம் ஓடவில்லை. என் போனில் என் தங்கச்சியின் கல்யாணப் படங்கள் இருந்தன.

அவள் வெளியே முகம் மூடிப் போகிறவள். கல்யாணத்துக்குப் படம் பிடிக்க ஆள் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். பெண்களைப் படம் பிடிக்கப் பெண்களே வருகிறார்கள், ஒருத்தியைக் கூப்பிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அவட கமராவில கிடக்கிற படத்த அவட வீட்டில யார் யார் பாப்பாங்க எண்டு எனக்குத் தெரியுமா ராத்தா? நீங்க எடுங்க. உங்கட போனில மட்டும்" என்றாள்.

அப்படியே எடுத்தேன். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன், அறைக் கதவைச் சாத்திவிட்டு, அவள் தலை திறந்திருக்க, கையில் மருதோன்றி சிவந்திருக்க, விதம்விதமாக எடுத்தேன். அந்த நேரம் உம்மாவும் உள்ளே வந்தா. அடையாள அட்டைக்கும் பாஸ்போட்டுக்கும் தவிர வேறெதற்கும் படம் எடுக்க ஒருநாளும் சம்மதிக்காதவ. மகளை மணப்பெண்ணாகக் கண்ட சந்தோஷத்தில் என்னைக் கவனிக்காமல் அவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தா. நான் அழுத்திவிட்டேன். அதற்குமுன் உம்மா சிரிக்கிற படம் எங்களிடம் ஒன்றுகூட இருந்ததில்லை.

அந்தப் படங்கள் வேறெங்கும் இல்லை. இணையத்தில் எங்கோ தானாக ஏறிச் சேமிக்கிற வசதியையும் கல்யாணத்துக்கு முன்பே பயத்தில் நான் நிறுத்தி வைத்திருந்தேன். வதந்தியைக் கேட்ட அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, போனில் பாதுகாப்பு என்று எழுதியிருந்த இடங்களையெல்லாம் திறந்து, கண்டதையெல்லாம் அழுத்தி, கடைசியில் பின் நம்பரையும் மாற்றினேன். பக்கத்தில் பிள்ளைகள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு நம்பராக யோசித்து, இது வேண்டாம், இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தள்ளித் தள்ளி ஒன்றைப் போட்டேன். இப்போது நினைத்துப் பார்க்கையில், தள்ளிய நம்பர்கள் எல்லாம் வரிசையாக வந்தன. பிறந்த திகதிகள், ஸ்கூட்டியின் இலக்கம், நான் பரீட்சை எழுதிய சுட்டெண். போட்டது மட்டும் வரவில்லை.

சந்தேகமாக இருந்த இரண்டைப் போட்டுப் பார்த்தேன். போன் கொஞ்ச நேரம் பொறுக்கச் சொன்னது. பொறுத்து இன்னொன்றைப் போட்டேன். காத்திருக்கும் நேரம் நீண்டது.

அப்போதுதான் என் கணவர் உள்ளே வந்தார். அவர் நெல் வாங்கி விற்கிறவர். அறுவடைக் காலம். நற்பிட்டிமுனைப் பக்கம் போகப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன, போனோட நிண்டு முழிக்கிறாய்?"

"லொக் விழுந்திட்டு. நம்பர் மறந்திட்டன்."

"இதுக்கா இந்த முகம்? தா இஞ்ச. என்ட கூட்டாளிட போன் திருத்துற கொமியூனிகேஷன் கடை இரிக்கு. போற வழியில குடுத்திட்டுப் போறன்."

கையை நீட்டினார். நான் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். யோசித்துச் செய்ததல்ல, கை தானாகப் போய்விட்டது.

"வேணாம். நான் பாத்துக்கிறன்."

"என்னத்தப் பாக்கப் போறாய்?"

"வேணாம் எண்டு சொல்றன்தானே."

அவர் நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். "போன கிழமைதானே நம்பர மாத்தின?" என்று கேட்டார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ஓம் என்றேன். மேலே ஒன்றும் கேட்காமல் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் அடங்கும்வரை வாசலில் நின்றேன். திடீரென்று நம்பரை மாற்றுகிற மனைவி, கணவன் கையில் போனைக் கொடுக்காத மனைவி. அவர் இடத்தில் நான் இருந்தால் என்ன நினைப்பேன்? தங்கச்சியின் படங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் தலை திறந்திருக்கும் படங்களை அவர் பார்க்கக் கூடாது என்பது அவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சொன்னால், அப்படிப் படங்கள் இருப்பதே வீட்டில் பேச்சாகிவிடுமே என்று அந்த நேரம் வாய் வரவில்லை.

பிள்ளைகளைக் குர்ஆன் ஓதப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கணவரின் கூட்டாளி அல்லாத வேறொருவரின் கடையாகப் பார்த்து கல்முனைக்கு ஸ்கூட்டியில் போனேன். சந்தை நாள் போலச் சனம். கடைக்குள் கண்ணாடி மேசைக்குப் பின்னால் ஓர் இளைஞர் இருந்தார். அவருக்கு முன்னால் திறந்து கிடந்த போன்கள், சின்னச் சின்னத் திருகாணிகள்.

"லொக் திறக்கணும் தம்பி."

வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "வச்சிட்டுப் போங்க டீச்சர். பின்னேரம் வாங்க."

"நான் இஞ்ச நிண்டு பாக்கிறன்."

"நிண்டு பாக்கிற வேலையில்ல இது. கம்பியூட்டரில போட்டுச் செய்யணும். நேரம் எடுக்கும்."

"உள்ளுக்குக் கிடக்கிறது அழியாமத் திறக்கேலுமா?"

"பாப்பம். அழியாமத் திறக்கிற வழியும் இரிக்கு" என்று சிரித்தார்.

அதைக் கேட்கத்தான் நான் வந்திருந்தேன். கேட்ட பிறகுதான் மற்றது உறைத்தது. அழியாமல் திறக்கலாம் என்றால், திறந்த பிறகு உள்ளே இருப்பதெல்லாம் அவர் முன்னால் இருக்கும். நான் வீட்டில் இருப்பேன், போன் இங்கே அவருடைய கம்பியூட்டரில் கிடக்கும். அந்த மனிதர் எனக்கு ஒரு பிழையும் செய்யவில்லை. மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவருடைய விரல்கள் என் போனைப் பிடித்திருந்த விதத்தைக்கூட என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"இல்ல தம்பி, நான் பிறகு கொண்டு வாறன்" என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். அவர் ஆச்சரியத்தோடு பார்த்தார்.

வெளியே வந்து வெயிலில் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நின்று, ஸ்கூட்டியின் இலக்கத்தைப் பின்னாலிருந்து முன்னாகப் போட்டுப் பார்த்தேன். பிழை. பரீட்சைச் சுட்டெண்ணின் கடைசி ஆறைப் போட்டேன். பிழை. இனி ஒரு மணித்தியாலம் கழித்து முயற்சி செய்யலாம் என்று எழுத்து வந்தது. தெருவில் போகிறவர்கள் எல்லோரும் என்னையே பார்ப்பது போல இருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை.

தங்கச்சியிடம் சொல்லாமல் இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அப்போது விளங்கியது. படங்கள் இருந்தது என் போனில் என்றாலும் முகம் அவளுடையது.

சாய்ந்தமருதில் உம்மாவின் வீட்டில்தான் அவளும் இருக்கிறாள். எங்கள் வழக்கப்படி வீடு இளைய மகளுக்கு, மாப்பிள்ளை வந்து சேர்ந்திருந்தார். அன்று அவர் வேலைக்குப் போயிருந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. உம்மா பின்னால் கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தா. தங்கச்சியை அறைக்குள் கூட்டிப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"கடைக்குக் குடுத்தீங்களா?" இதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"குடுத்து, ஒண்டும் செய்ய விடாம வாங்கிட்டு வந்திட்டன்."

"எவ்வளவு நேரம் அவர்ட கையில கிடந்த?"

"நான் முன்னுக்குத்தான் நிண்டன் புள்ள. திறக்கவே இல்ல."

கட்டிலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருதோன்றி மங்கி நகத்தில் மட்டும் மிஞ்சியிருந்தது. பிறகு சொன்னாள்: "அழிச்சிருங்க ராத்தா."

"என்ன?"

"எல்லாத்தையும் அழிச்சிருங்க. படம் இல்லாட்டி எனக்கென்ன, கல்யாணம் நடந்ததுதானே. இப்பிடிப் பயந்து பயந்து இரிக்கேலாது."

"உம்மாட படமும் போயிரும்."

கிணற்றடியில் உம்மா காகத்தை விரட்டுகிற சத்தம் கேட்டது. அந்தப் படத்தை நான் அவளுக்குக் காட்டியிருந்தேன். கல்யாண வீட்டுச் சந்தடியில் இருவரும் குனிந்து பார்த்துவிட்டு, உம்மாவுக்குச் சொல்லக் கூடாது, சொன்னால் அழிக்கச் சொல்லுவா என்று சிரித்திருந்தோம்.

"பாண்டிருப்புப் பக்கம் ஒரு கடையில பொம்புளப் புள்ள ஒண்டு போன் திருத்துது" என்றாள் கடைசியில். "என்ட போன் கண்ணாடி அங்கதான் மாத்தின. அவட்டக் கேப்பம். அவவுக்கும் ஏலாட்டி, அவட கையாலயே அழிப்பம்."

நாங்கள் புறப்படும்போது அவளுடைய போன் அடித்தது. என் கணவர்.

"உங்க ராத்தா அங்கயா? காலையில இருந்து எடுக்கிறன், தூக்கிறா இல்ல."

என் போனை நான் சத்தமில்லாமல் போட்டிருந்தேன். அதில் அவர் அழைத்தது தெரியாது. தங்கச்சி போனை என்னிடம் நீட்டினாள். அவளைப் பார்த்தேன். சொல்லுங்க என்பதுபோலத் தலையை ஆட்டினாள். சொன்னேன். கல்யாண அறையில் எடுத்த படங்கள், அவளுக்குக் கொடுத்த வாக்கு, ஆசிரியர் அறையில் கேட்ட கதை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மறுபக்கத்தில் நெல் அளக்கிற சத்தமும் யாரோ கூப்பிடுவதும் கேட்டன.

"இத காலையிலேயே சொன்னா, நான் என்ன போனத் தா எண்டு பறிக்கவா போறன்?" என்றார். பிறகு தணிந்த குரலில், "நான் என்னென்னவோ யோசிச்சிட்டன்" என்றார்.

"என்ன யோசிச்சீங்க?"

"ஒண்டுமில்ல. போய் அலுவலப் பாரு. ஸ்கூட்டிய கவனமா ஓடு."

நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. மற்றக் கல் அப்படியே கிடந்தது.

பாண்டிருப்புக் கடை சின்னது. முன்பக்கத்தில் கடைக்காரர் போன்களுக்குக் காசு ரீலோட் போட்டுக்கொண்டும் போன் உறைகள் விற்றுக்கொண்டும் இருந்தார். உள்ளே மேசை விளக்குக்குக் கீழே அவருடைய மனைவி வேலை செய்துகொண்டிருந்தா. நெற்றியில் சின்னப் பொட்டு. தங்கச்சியின் குரலை வைத்தே அடையாளம் கண்டு, உள்ளே வந்து இருக்கச் சொன்னா.

போனை வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் எங்கள் பக்கமாகவே வைத்தா.

"சொல்றன் எண்டு கோவிக்காதீங்க அக்கா. பின் நம்பர் இல்லாம, உள்ளுக்குக் கிடக்கிறதும் அழியாம இதத் திறக்க எனக்கு ஏலாது. ரீசெட் பண்ணலாம். போன் கிடைக்கும், படம் கிடைக்காது."

"வேற ஆக்களுக்கு ஏலுமா?"

"ஏலும் எண்டு சொல்றவங்க இருப்பாங்க. எனக்குத் தெரியா. படத்த வேற எங்கயும் ஏத்தி வச்சிருக்கீங்களா?"

"ஏறிக்கொண்டுதான் இருந்த. கல்யாணத்துக்கு முதலே நான்தான் நிப்பாட்டின."

அவ என்னைக் குறை சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினா. அதற்கு நன்றி.

"இன்னும் எத்தின தரம் போட்டுப் பாக்கலாம்?" என்று கேட்டேன்.

"பிழைக்கப் பிழைக்க நேரத்தக் கூட்டிக்கொண்டே போகும். ஆனா சில ஆக்கள், கனதரம் பிழைச்சா எல்லாம் தானா அழியிற மாதிரி செட்டிங் போட்டு வச்சிருப்பாங்க. நீங்க அப்பிடி ஏதும் போட்டீங்களா?"

அந்தப் பின்னேரம் நான் அழுத்தியவற்றை நினைத்துப் பார்த்தேன். பாதுகாப்பு என்ற சொல்லைக் கண்ட இடமெல்லாம் அழுத்தினேன். அதையும் அழுத்தினேனா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து நான் போட்ட ஒவ்வொரு பிழை நம்பரும் அந்த இடத்தை நோக்கி ஓரடி வைத்ததாக இருக்கலாம். இன்னொரு பிழையோடு எல்லாம் போகலாம், போகாமலும் இருக்கலாம்.

"ராத்தா" என்றாள் தங்கச்சி. முகத்திரைக்கு மேலே அவளுடைய கண்கள் மட்டும் தெரிந்தன. "விடுங்க. அழிப்பம்."

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது? அந்தப் பெண்ணிடம் போனைத் தள்ளினேன்.

"கையில ஒரு வேல கிடக்கு. அத முடிச்சிட்டுப் பண்றன்" என்றா அவ. "முடிஞ்சதும் உங்களுக்கு எடுக்க ஒரு நம்பர் சொல்லுங்க அக்கா. இந்த நம்பர் இல்லாம வேற. வீட்டு நம்பர் எண்டாலும் பரவாயில்ல."

சொல்ல வாயைத் திறந்தேன். கணவரின் நம்பர் பாதிதான் வந்தது. தங்கச்சியின் நம்பரை நான் ஒருநாளும் மனப்பாடம் பண்ணியதில்லை, பெயரைத் தொட்டால் போகும். வீட்டு நம்பர் என்ற சொல் மட்டும் காதில் நின்றது. என் வாய் தானாகச் சைபர் ஆறு ஏழு என்று தொடங்கி, அதற்குப் பிறகு வரும் இலக்கங்களையும் சொல்லி முடித்தது. அந்தப் பெண் தன் போனில் அதை அடித்துக்கொண்டிருந்தா.

"ராத்தா, அது ஆர்ட நம்பர்?" என்றாள் தங்கச்சி.

அது எங்கள் பழைய வீட்டு நம்பர். கடற்கரைப் பக்கம் இருந்த வீடு. அங்கே மேசையில் கறுப்புத் தொலைபேசி ஒன்று இருந்தது. வாப்பா சவூதியில் இருந்த காலத்தில் அதற்குத்தான் எடுப்பார். சுனாமியில் கடல் வந்த அன்று நாங்கள் பெரியும்மா வீட்டில் இருந்ததால் தப்பினோம். வீடு தப்பவில்லை. தங்கச்சி அப்போது சின்னப்பிள்ளை, அவளுக்கு அந்த வீட்டின் நிறம்கூட ஞாபகம் இல்லை. நான் அந்த நம்பரை வருடக்கணக்காக வாயால் சொன்னதே இல்லை.

ஆனால் போன கிழமை அடித்திருந்தேன். அடுப்படி மேசையில் உட்கார்ந்து, பிறந்த திகதி வேண்டாம், ஸ்கூட்டி வேண்டாம், சுட்டெண் வேண்டாம் என்று தள்ளித் தள்ளி, இனி உலகத்தில் யாருமே எடுக்காத ஒரு நம்பர் இருக்கிறதே என்று நினைத்து, சைபர் ஆறு ஏழையும் அதற்கடுத்த முதல் எண்ணையும் விட்டுவிட்டு மிச்ச ஆறையும் போட்டிருந்தேன். அந்த நேரம் பழைய வீடு கண்ணுக்குள் வந்ததும் இப்போது ஞாபகம் வந்தது. அதனால்தான் உடனே எழும்பிப் பிள்ளைகளின் சண்டையைத் தீர்க்கப் போனேன்.

"பொறுங்க, பொறுங்க" என்று அந்தப் பெண்ணிடம் கத்தியே விட்டேன். முன்னால் இருந்த அவவின் கணவர் திரும்பிப் பார்த்தார். "ரீசெட் பண்ணாதீங்க. எனக்கு ஞாபகம் வந்திட்டு."

அவ சிரித்துக்கொண்டே போனை என்னிடம் நகர்த்தினா. திரையில் இன்னும் காத்திருக்கும் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நம்பர் கையில் இருந்தது, போட முடியாது. வீட்டுக்குப் போய் ஆறுதலாகப் போடுங்கள் என்று சொல்லி, காசு ஒன்றும் வாங்காமல் அனுப்பிவிட்டா.

ஸ்கூட்டியில் திரும்பும் வழியெல்லாம் நம்பரை வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். சொல்லச் சொல்ல அது இளகத் தொடங்கியது. கடைசி இரண்டு எண்களில் எது முன், எது பின்? கடையில் சொன்னபோது சந்தேகமே வரவில்லை. வாய் எப்படிச் சொன்னது என்று ஞாபகம் இருந்தும், இப்போது இரண்டு விதமும் சரி போல இருந்தன. பின்னால் இருந்த தங்கச்சியிடம் சொல்லப் பயமாக இருந்தது. வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் சொன்னேன்.

"உம்மாட்டக் கேப்பம்" என்றாள்.

உம்மா மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தா.

"உம்மா, எங்கட கடற்கர வீட்டு டெலிபோன் நம்பர் ஞாபகம் இரிக்கா?"

நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னா. இரண்டிரண்டு எண்ணாக, முந்தி வாசலில் நின்று சொந்தக்காரருக்குச் சொல்லுகிற அதே இழுவையில். சொல்லி முடித்த பிறகுதான் நிமிர்ந்தா.

"என்னத்துக்குகா? ஆர் கேட்ட?"

"சும்மா உம்மா."

"அதுக்கு இப்ப ஆர் எடுக்கப் போறாங்க" என்று மறுபடி மீனைத் தொட்டா.

உம்மா சொன்னதில் கடைசி இரண்டு எண்களும், கடையில் என் வாய் சொன்னதற்கு முன்பின்னாக மாறி இருந்தன. அறைக்குள் போனதும் தங்கச்சியிடம், "உம்மா சொல்றதுதான் சரியா இரிக்கும். அவவுக்குத்தான் அது ஒருநாளும் பிழைக்கல்ல" என்றேன்.

அவள் யோசித்தாள். "ராத்தா, போன கிழமை நம்பர் மாத்தக்குள்ள உம்மாட்டக் கேட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப உங்கட ஞாபகத்தில இருந்த மாதிரித்தானே போட்டிருப்பீங்க. உங்களுக்குப் பிழையா ஞாபகம் எண்டா, பிழையாத்தான் போட்டிருப்பீங்க. இப்ப சரியான நம்பரப் போட்டாத் திறக்காது. கடையில வாயில வந்த மாதிரியே போடுங்க."

அவள் சொன்னது நியாயம். ஆனால் சரி என்று தெரிந்ததை விட்டுவிட்டு, பிழை என்று தெரிந்ததைப் போடுவதற்கு மனம் வரவேண்டுமே. கட்டிலில் போனை வைத்துவிட்டு இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நண்பகல் லுஹருக்குப் பாங்கு சொன்னது. நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. தொழுதோம். என் தொழுகையில் எத்தனை ரக்அத் தொழுதேன் என்பதே தடுமாறி, மறுபடி தொழுதேன். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். திரை, நம்பரைக் கேட்டுக்கொண்டு நின்றது.

பிஸ்மில்லாஹ் சொல்லி நான்கு எண்களைப் போட்டேன். ஐந்தாவதுக்கு விரல் நின்றுவிட்டது. தங்கச்சி என் மணிக்கட்டைப் பிடித்தாள், தடுக்கவா தள்ளவா என்று தெரியாத ஒரு பிடி. வாயில் வந்தபடியே மிச்ச இரண்டையும் போட்டேன்.

போன் திறந்தது.

அல்ஹம்துலில்லாஹ் என்றோம், இருவரும் ஒரே நேரத்தில். பிறகு ஏன் என்று தெரியாமல் நான் அழுதேன். தங்கச்சி சிரித்தாள், என் முதுகைத் தடவினாள், அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணவருக்குத் திறந்துவிட்டது என்று ஒரு வார்த்தை அனுப்பினேன். அந்தத் தானாக அழிகிற செட்டிங்கைத் தேடிப் பார்த்தேன். போட்டுத்தான் இருந்தது. இன்னும் எத்தனை பிழைக்கு இடம் இருந்தது என்று கணக்குப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நிறுத்திவிட்டேன்.

தங்கச்சி கையை நீட்டினாள். "தாங்க ராத்தா."

கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். சில படங்களில் நீண்ட நேரம் நின்றாள். சிலவற்றைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். அவள் பார்க்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தபோது அழித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள செய்யிறாய்? இவ்வளவு பாடுபட்டு..."

"ஒருக்காப் பாக்கத்தான் வேணும் எண்டு இரிந்த" என்றாள். "பாத்திட்டன். இனி இது கிடந்தா நீங்களும் நித்திர கொள்ள மாட்டீங்க, நானும் கொள்ள மாட்டன்."

எனக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து நான் ஓடியது இதற்காகவா என்று ஒரு கோபம் வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது. முதல்முறையாக அன்று அவளுடைய தோள்கள் தளர்ந்திருந்தன. அவளுடைய முகத்தை என்ன செய்வது என்று அவளே முடிவெடுத்தாள். தான் முழுக்க மூடியிருந்த சிலதையும் கைகள் மட்டும் தெரிகிற ஒன்றையும் விட்டுவைத்தாள். கடைசியாக உம்மாவின் படத்துக்கு வந்தாள். அதில் அவளுடைய முதுகும் சரிந்த முந்தானையும்தான் தெரிந்தன. அவளுக்கு முன்னால், இரண்டு கைகளையும் அவளுடைய கழுத்துச் சங்கிலியில் வைத்தபடி, உம்மா வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றா.

"இதக் கேட்டுத்தான் செய்யணும்" என்றாள்.

உம்மா கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் வந்தா. வந்ததிலிருந்து நாங்கள் குசுகுசுத்ததில் ஏதோ நடந்திருக்கிறது என்று அவவுக்குத் தெரியும். தங்கச்சி போனைக் காட்டினாள். உம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தா.

"இது ஆர்?"

"நீங்கதான் உம்மா."

"நானா?" இன்னும் தள்ளிப் பிடித்தா. "பல்லெல்லாம் தெரியிதே. யா அல்லாஹ், இத எப்பகா எடுத்த?"

"அழிக்கவா உம்மா?" என்று நான் கேட்டேன்.

உம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டா. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. வெளியே அடுப்பில் கறி கொதிக்கும் மணம் வந்தது. பிறகு போனைத் தங்கச்சியிடமே கொடுத்தா.

"சங்கிலி ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு பாரு" என்றா அவளிடம். "அத நேராக்கத்தான் வந்தன். கிடக்கட்டும், அழிக்காத."

கறி அடிப்பிடிக்கப் போகிறது என்று சொல்லிக்கொண்டே வெளியே போனா.